பரணில் கிடைத்த ‘சோலார் தொப்பி’: எதனால் செய்தது, பட்டாளத்துடையதா?

நீங்கள் கேட்டது இது: கொள்ளுத்தாத்தாவின் காக்கி நிறத் தொப்பி ஒன்று பரணில் கிடைத்திருக்கிறது. வீட்டில் அதைச் ‘சோலார் தொப்பி’ என்கிறார்கள். அவர் பட்டாளத்தில் இருந்ததாகவும் சொல்கிறார்கள். விளிம்பு ஓரிடத்தில் பிளந்து, உள்ளிருந்து தெர்மோகோல் மாதிரி வெள்ளையாக உதிர்கிறது. இது உண்மையில் ராணுவத் தொப்பியா, கழுவி ஒட்டி வைக்கலாமா? கேள்வி இரண்டு போலத் தெரிந்தாலும் இரண்டுக்கும் விடை ஒரே இடத்தில்தான் இருக்கிறது. தொப்பி எதனால், எந்த வரிசையில் செய்யப்பட்டது என்று தெரிந்தால் அது யாருக்காகச் செய்யப்பட்டது என்பதில் பெரும்பகுதி விளங்கிவிடும். எதைச் செய்தால் அது கெட்டுப்போகும் என்பதும் அதிலிருந்தே தெரியும். கழுவும் யோசனையை மட்டும் இப்போதே கைவிட்டுவிடுங்கள். காரணம் கீழே வருகிறது.

முதலில் பெயர். இந்தத் தொப்பிக்கும் சூரியனுக்கும் பெயரளவில் உறவில்லை. வங்காளத்தில் ‘ஷோலா’ என்று சொல்லப்படும் நீர்ச்செடியின் தண்டிலிருந்து செய்ததால் அது சோலா தொப்பி. வெயிலுக்குப் போடுவது என்பதால் ஆங்கிலேயர்களே அதைச் ‘சோலார்’ என்று தவறாகச் சொல்லத் தொடங்கினார்கள், நம் வீடுகளிலும் அது அப்படியே தங்கிவிட்டது. அந்தச் செடி நமக்கு அந்நியமானதல்ல. அது நம் நெட்டிதான். மாட்டுப் பொங்கலுக்கு மாட்டின் கழுத்தில் கட்டும் நெட்டி மாலையும், 2020இல் புவிசார் குறியீடு பெற்ற தஞ்சாவூர் நெட்டி வேலையும் இதே செடியின் வெண்மையான உட்தண்டால் ஆனவை. உங்கள் தொப்பியில் உதிர்வது பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும்.

‘பெரும்பாலும்’ என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. ஒரே வடிவத் தொப்பியை மூன்று நான்கு பொருள்களால் செய்திருக்கிறார்கள். ஒன்று நெட்டி. இன்னொன்று ஐரோப்பிய ஓக் மரத்தின் பட்டையான கார்க். பேச்சுவழக்கில் நெட்டியையும் கார்க்கையும் ‘தக்கை’ என்றே சொல்வதால் வரும் குழப்பம் கொஞ்சமல்ல. மூன்றாவது, அழுத்திய காகிதக்கூழ் அல்லது நார். பிற்காலத்து மலிவுத் தொப்பிகளிலும், இன்று ‘பழைய ராணுவத் தொப்பி’ என்று விற்கப்படும் பல நகல்களிலும் இருப்பது இதுதான். அரிதாக, நாடகத்துக்கும் படப்பிடிப்புக்கும் செய்த தெர்மோகோல் தொப்பிகளும் பரணில் அகப்படும். பிரித்தறிவது கடினமில்லை. தானாக உதிர்ந்து கிடக்கும் ஒரு துணுக்கை எடுத்துக்கொள்ளுங்கள், தொப்பியிலிருந்து பிய்க்க வேண்டாம். நெட்டி, விரலால் அழுத்தினால் பள்ளம் விழுந்து அப்படியே நிற்கும், உடைந்த முகம் பட்டுப்போல மின்னும். கார்க் பழுப்பாக இருக்கும், அழுத்தினால் மீண்டும் எழும்பும். தெர்மோகோல் குண்டு குண்டாகப் பிரியும். அந்தத் துணுக்கின்மேல் ஒரு சொட்டு அசிட்டோன் விட்டால் கரைந்து பசையாகிவிடும், நெட்டிக்கோ கார்க்குக்கோ அதனால் ஒன்றும் ஆகாது. காகிதக்கூழ் சாம்பல் அல்லது பழுப்பு நிறத்தில் அடர்த்தியாக, அட்டையைக் கிழித்தது போல நாராகத் தெரியும்.

இனி நெட்டித் தொப்பி எப்படி உருவானது என்று பார்ப்போம். செடி மழைநீர் தேங்கும் சதுப்பிலும் குளத்திலும் வளர்வது. நீரில் மூழ்கியிருக்கும் தண்டுப்பகுதிதான் பருத்து உள்ளே பஞ்சுபோல ஆகும். வங்காளக் கைவினைஞர்கள் மென்மையான ‘பாத் ஷோலா’, கடினமான ‘காட் ஷோலா’ என்று இரண்டு வகை பிரிப்பார்கள். நுண்ணிய வேலைக்கு மென்மையானதே விருப்பம். அறுத்த தண்டைக் காயவைத்து, மெல்லிய பழுப்புத் தோலைச் சீவி எடுத்தால் வெள்ளை உருளை கிடைக்கும். நீண்ட மெல்லிய கத்தியை ஓரிடத்தில் நிறுத்தி, உருளையை அதன்மேல் உருட்டிக்கொண்டே போனால் தாள்போல ஒரே தொடர்ச்சியாகச் சீவல் வரும். தடித்த தொப்பிக்குச் சீவலுக்குப் பதில் நீளவாக்கில் பிளந்த பட்டைகளைப் பயன்படுத்துவார்கள். கத்தியின் கூர்மை இங்கே மிக முக்கியம். மழுங்கிய கத்தி நெட்டியை வெட்டாது, நசுக்கும். நசுங்கிய இடத்தில் காற்றறைகள் மூடிக்கொள்வதால் எடை குறைவு, வெப்பம் கடத்தாமை என்ற இரண்டு நற்குணங்களும் அங்கே போய்விடும்.

அடுத்தது அச்சு. தலைக்கூட்டின் வடிவில் கடைந்த மரக்கட்டை. அதன்மேல் முதலில் மெல்லிய துணி அல்லது தாளைப் போர்த்தி, மாவுப்பசை தடவி, நெட்டிப் பட்டைகளை விளிம்போடு விளிம்பு சேர ஒட்டுவார்கள். இரண்டாம் அடுக்கு முதல் அடுக்கின் இணைப்புகளை மறைக்கும்படி குறுக்காக வரும். மூன்றாவது மீண்டும் திசை மாறும். செங்கல் சுவரில் இணைப்புகள் ஒன்றன்மேல் ஒன்று வரக்கூடாது என்று கொத்தனார் பார்ப்பாரே, அதே நியாயம். தொப்பியின் பலம் நெட்டியில் இல்லை, நெட்டிக்குத் தனியாகப் பலமே கிடையாது. குறுக்கும் நெடுக்குமான அடுக்கும், இடையில் காய்ந்து இறுகிய பசையும், மேலே இழுத்துக் கட்டிய துணியும் சேர்ந்துதான் ஓடு போன்ற விறைப்பைத் தருகின்றன. அதனால்தான் துணி கிழிந்த இடத்தில் விளிம்பு உடனே தொங்குகிறது.

எதில் பிசகும் என்றால், முதலில் பசையில். நீர்த்த பசை நெட்டியை ஊறவைத்து உப்பச் செய்யும், காயும்போது அடுக்குகள் நகர்ந்து இடைவெளி விடும். மிகக் கெட்டியான பசை கண்ணாடிபோல இறுகி, தொப்பி கீழே விழும்போது நெட்டியோடு சேர்ந்து உடையும். அடுத்தது காயவைப்பதில். கடும் வெயிலில் வைத்தால் மேலடுக்கு முந்திச் சுருங்கி, உள்ளே ஈரம் சிறைப்படும். அந்த ஈரம் பின்னால் பூஞ்சணமாக வெளிப்படும். பழைய தொப்பிகளில் உள்துணிக்குப் பின்னால் வட்ட வட்டமாகக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால், பரணில் ஏறிய ஈரத்தாலும் இருக்கலாம், செய்த நாளிலேயே சரியாகக் காயாததாலும் இருக்கலாம். பார்வையால் மட்டும் இரண்டையும் பிரிக்க முடியாது. மூன்றாவது பலவீனமான இடம், கூடும் விளிம்பும் சேரும் வளைவு. அங்கே பட்டைகள் இரண்டு பக்கமாக வளைய வேண்டும், அதற்காகச் சிறு சிறு வெட்டுகள் போடுவார்கள். வெட்டு ஆழமானால் பிற்காலப் பிளவு அங்கேயே தொடங்கும். உங்கள் தொப்பியின் பிளவும் அந்த வளைவை ஒட்டி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் அது அடிபட்ட காயமாக இல்லாமல் பிறவிக் குறையாக இருக்கலாம்.

காய்ந்த ஓட்டைச் சீவி உப்புத்தாளால் தேய்த்து மழமழப்பாக்கி, உச்சியில் காற்றுத்துளை போட்டு, பிறகு துணி போர்த்துவார்கள். ராணுவ வகைகளில் துணி வெட்டு மிகத் திட்டமானது. குடைத்துணிபோல முக்கோண வார்களாக வெட்டி, ஆறு வார்களைத் தைத்து, தையல்கள் உச்சியில் ஒரு புள்ளியில் சேரும்படி இழுத்து மாட்டுவார்கள். துணியை லேசாக நனைத்து இழுப்பதால் காயும்போது அது ஓட்டை இறுகப் பிடித்துக்கொள்ளும். விளிம்பின் அடிப்பக்கத்துக்குக் கண்கூச்சம் குறைய பச்சைத் துணி போடுவது பரவலான வழக்கம். விளிம்பின் ஓரத்தைத் தோல் அல்லது துணி நாடாவால் கட்டித் தைப்பார்கள். சில இந்தியத் தொப்பிகளில் கூடு முழுவதும் மெத்தை தைத்தது போல வரிவரியாகத் தையல் ஓடும். அது அழகுக்காக அல்ல. துணி, நெட்டி, உள்துணி மூன்றையும் ஒன்றாகப் பிணைத்து, அடுக்குகள் பிரியாமல் காப்பதற்கு.

உள்ளே இருக்கும் வியர்வைப்பட்டைதான் இந்தத் தொப்பியின் மூளை என்பேன். தோல் பட்டை நேராக ஓட்டில் தைக்கப்பட்டிருக்காது. இடையிடையே சிறு கார்க் துண்டுகளை வைத்து, ஓட்டுக்கும் பட்டைக்கும் நடுவே விரல் நுழையும் இடைவெளி விட்டிருப்பார்கள். தலையின் சூட்டில் காற்று லேசாகி மேலெழும், உச்சியில் உள்ள குமிழின் துளை வழியே வெளியேறும், அதற்கு ஈடாக விளிம்பின் அடியிலிருந்து புதுக்காற்று உள்ளே வரும். நெட்டி வெளிவெப்பத்தைத் தடுக்கிறது, இடைவெளி உள்வெப்பத்தை வெளியேற்றுகிறது. கார்க் துண்டுகள் உதிர்ந்துபோன தொப்பியைப் போட்டுப் பார்த்தவர்கள் ‘இது வெயிலுக்கு ஆகவே ஆகாது’ என்பார்கள். குறை தொப்பியில் இல்லை, விழுந்த அந்த நான்கைந்து துண்டுகளில் இருக்கிறது.

கடைசியாக வெளியே சுற்றும் பக்ரித் துணி. பல கெஜம் நீளமுள்ள மெல்லிய பருத்தித் துணியை மடித்து மடித்து, ஒவ்வொரு மடிப்பும் முந்தையதன்மேல் சற்றே ஏறி நிற்கும்படி சுற்றி, ஊசியால் தைத்து நிறுத்துவார்கள். நம்மூர்த் தலைப்பாகையைப் பார்த்து வந்த வழக்கம் இது. தொடக்கத்தில் வெயில் தடுக்கும் கூடுதல் அடுக்காக இருந்தது, பின்னால் படைப்பிரிவை அடையாளம் காட்டும் இடமாயிற்று.

வரலாற்றில் தேவையான அளவு மட்டும் சொல்கிறேன். 1857ஐ ஒட்டிய ஆண்டுகளில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் தொப்பிமேல் வெள்ளை உறையும் பிடரியை மூடும் துணியும் போட்டுச் சமாளித்தார்கள். பிரம்புக் கூட்டாலும் நெட்டியாலும் செய்த கவசத் தொப்பிகள் அப்போதே இந்தியாவில் புழக்கத்துக்கு வந்துவிட்டன. 1877இல் வெளிநாட்டுப் பணிக்கென்று ஒரு சீரான வடிவம் வந்தது. கார்க் ஓடு, வெள்ளைத் துணி, முன்னும் பின்னும் கூர்ந்திறங்கும் விளிம்பு. வெள்ளை நிறம் எதிரிக்கு இலக்காகிறது என்பதால் 1879இல் தென்னாப்பிரிக்காவில் நடந்த ஜூலுப் போரில் அதைத் தேயிலைச் சாயத்தில் நனைத்து மங்கலாக்கினார்கள். ஆகவே அந்தக் கால வெள்ளைத் தொப்பியில் தேநீர்க் கறை போலத் தெரிந்தால் அழுக்கு என்று துடைத்துவிடக் கூடாது. அடுத்து வந்தது ஃபீல்ட் மார்ஷல் வோல்ஸ்லியின் பெயரால் வழங்கும் வடிவம். 1899இல் அதிகாரிகளுக்கு அனுமதிக்கப்பட்டு, சில ஆண்டுகளில் எல்லாத் தரத்தினருக்கும் பரவியது. விளிம்பு சுற்றிலும் அகலமாக, பின்பக்கம் நன்றாகச் சரிந்து பிடரியை மறைக்கும். முதல் உலகப்போரில் மெசபடோமியாவிலும் எகிப்திலும் எடுத்த படங்களில் நீங்கள் காண்பது இதைத்தான். ராணுவத்துக்காக இங்கிலாந்தில் செய்தவை பெரும்பாலும் கார்க், இந்தியாவில் செய்தவற்றில் நெட்டி மிகுதி. இதோடு ‘பம்பாய் பௌலர்’ என்று பேர்பெற்ற, உருண்டைக் கூடும் அகன்ற விளிம்பும் கொண்ட நெட்டித் தொப்பி இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஏராளமாகச் செய்யப்பட்டது. கான்பூர் டென்ட் கிளப் பெயரால் வழங்கும், பன்றி வேட்டைக்காரர்களின் தடித்த தொப்பியும் உண்டு. அதில் நெட்டி ஏறக்குறைய ஓர் அங்குலம்வரை பருமனாக இருக்கும்.

இப்போது உங்கள் முதல் கேள்விக்கு வருகிறேன். இங்கே ஒரு சங்கடமான உண்மையைச் சொல்லியாக வேண்டும். இந்தியச் சிப்பாய்களுக்கு இந்தத் தொப்பி பொதுவாக வழங்கப்படவில்லை. அவர்களுக்குத் தலைப்பாகை, கூர்க்காக்களுக்கு வேறு தொப்பி. நெட்டித் தொப்பி பிரிட்டிஷ் சிப்பாய்க்கும் அதிகாரிக்கும் உரியது. 1920இல் அமைக்கப்பட்ட துணைப்படையிலும் அதை அணிந்தார்கள். அதில் ஐரோப்பியரும் ஆங்கிலோ இந்தியரும் மட்டுமே சேர முடிந்தது, மெட்ராஸ் அண்ட் சதர்ன் மராட்டா ரயில்வேக்கு அப்படி ஒரு ரைஃபிள் பிரிவே இருந்தது. அதே சமயம் வனத்துறை, ரயில்வே, பொதுப்பணித்துறை, போலீஸ் மேலதிகாரிகள், மிஷனரிகள், தோட்டத்துரைகள், அவர்களைப் பார்த்து நம்மவர்களிலும் பலர் இதைக் கடையில் வாங்கிப் போட்டார்கள். எனவே கொள்ளுத்தாத்தா சாதாரணச் சிப்பாயாக இருந்திருந்தால், இந்தத் தொப்பி அவருடைய ராணுவச் சீருடையாக இருக்க வாய்ப்பு குறைவு. ஓய்வுக்குப் பிறகு வேறு வேலையில் இருந்தபோது வாங்கியதாகவோ, ஒரு அதிகாரி கொடுத்ததாகவோ இருக்கலாம். அவர் கமிஷன் பெற்ற அதிகாரியாக இருந்திருந்தால் நிலைமை வேறு. குடும்பக் கதையைப் பொய் என்று நான் சொல்லவில்லை. கதையையும் தொப்பியையும் தனித்தனியே விசாரிக்க வேண்டும் என்கிறேன். அவர் பட்டாளத்தில் இருந்ததற்குத் தொப்பி சாட்சியல்ல, ஓய்வூதியப் புத்தகமும் பணிவிடுவிப்புச் சான்றும்தான் சாட்சி.

தொப்பியில் என்ன பார்க்க வேண்டும்? வியர்வைப்பட்டையை மெதுவாக, உடைந்துவிடாத அளவுக்கு மட்டும் விலக்கி, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். இந்திய அரசின் ராணுவ உடைமைகளில் அகன்ற அம்புக்குறியும் அதோடு ஆங்கில ‘ஐ’ எழுத்தும் முத்திரையாக இருக்கும். தயாரிப்பாளர் பெயர், ஊர், ஆண்டு, அளவு ஆகியவை மையில் குத்தப்பட்டிருக்கலாம், அல்லது தாள் சீட்டில் ஒட்டப்பட்டிருக்கலாம். அம்புக்குறி இருந்தால் அது அரசு வழங்கியது என்று ஏறக்குறைய உறுதியாகச் சொல்லலாம். இல்லை என்றால் ராணுவத் தொப்பி இல்லை என்று முடிவுகட்ட முடியாது. அதிகாரிகள் தங்கள் சீருடையைச் சொந்தக் காசில் தையற்கடையிலும் தொப்பிக் கடையிலும் வாங்கினார்கள், அவற்றில் அரசு முத்திரை இருக்காது, கடைப்பெயர் மட்டும் பொன்னெழுத்தில் இருக்கும். அளவு எண் 7 என்று இருந்தால் அது தலையின் அகலமும் நீளமும் சேர்ந்த சராசரி, அங்குலத்தில். சுற்றளவில் ஏறக்குறைய 57 சென்டிமீட்டர். கொள்ளுத்தாத்தாவின் வேறு தொப்பி எதுவும் வீட்டில் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். அளவு இரண்டு எண் தள்ளிப்போனால் அது அவருடையதே அல்ல என்று சந்தேகிக்கலாம்.

வெளியே பக்ரியின் இடப்பக்கம் உற்றுப் பாருங்கள். படைப்பிரிவின் துணிச்சின்னம் தைத்திருந்த இடத்தில் நிறம் மங்காத சதுரமோ, நான்கு மூலையிலும் ஊசித்துளையோ தெரியலாம். சின்னம் போயிருந்தாலும் துளைகள் பேசும். தாடைச் சங்கிலி மாட்டும் பித்தளைக் கொக்கி இருக்கிறதா, உச்சிக் குமிழ் திருகிக் கழற்றும் வகையா என்பதும் முக்கியம். அணிவகுப்பின்போது குமிழைக் கழற்றிவிட்டுக் கூர்முனையையும், பீரங்கிப் படையினர் உருண்டையையும் திருகுவார்கள். சிவிலியன் தொப்பியில் குமிழ் துணியோடு தைக்கப்பட்டோ சாதாரணக் கம்பியால் மடக்கப்பட்டோ இருப்பதே அதிகம். குமிழில் கூட்டல் குறித் தலையுள்ள திருகாணி இருந்தால், அந்த வகைத் திருகாணி 1930களில்தான் சந்தைக்கு வந்தது என்பதை நினைவில் வையுங்கள். முதல் உலகப்போர்த் தொப்பி என்ற கதைக்கு அது பொருந்தாது, பிற்காலத்தில் பழுதுபார்த்தபோது மாற்றியதாக இருந்தால் தவிர.

புறஊதா டார்ச் வைத்துப் பார்க்கும் வழக்கமும் உண்டு. இன்றைய நூலிலும் துணியிலும் கலக்கும் வெண்மையூட்டிகள் நீலமாக ஒளிரும், பழைய பருத்தி மங்கலாகவே இருக்கும். தையல் நூல் முழுவதும் பளிச்சென்று ஒளிர்ந்தால் அது புதிய தையல் என்று நம்பலாம். துணி மட்டும் அங்கங்கே ஒளிர்ந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம். யாரோ ஒருவர் ஒருமுறை சோப்புத்தூள் தண்ணீர்த் துணியால் துடைத்திருந்தாலே போதும், பழைய துணியும் ஒளிரும்.

விளிம்பின் அடியிலோ உட்கூட்டிலோ சிவப்புத் துணி இருந்தால் அதற்கும் காரணம் உண்டு. சூரிய ஒளியில் வெப்பத்தைத் தவிர ‘வேதியியல் கதிர்’ ஒன்று மண்டையோட்டைத் துளைத்து மூளையைத் தாக்குகிறது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மருத்துவர்களே நம்பினார்கள். புகைப்பட இருட்டறையில் சிவப்பு விளக்கு படச்சுருளைக் கெடுக்காததைப் பார்த்து, சிவப்புத் துணி கதிரைத் தடுக்கும் என்று கருதினார்கள். முதுகுத்தண்டுக்குத் தனியாகப் பஞ்சுப்பட்டை கட்டிக்கொண்டவர்களும் உண்டு. அந்த நம்பிக்கை தவறு. வெப்பத்தாக்கு என்பது உடல் முழுவதும் சூட்டை வெளியேற்ற முடியாமல் போவதால் வருவது, தலையில் கதிர் நுழைவதால் அல்ல. இரண்டாம் உலகப்போரில் பர்மாக் காடுகளில் மெல்லிய துணித் தொப்பியோடு படைகள் சமாளித்த பிறகு கனத்த தொப்பிக்கு மதிப்பு குறைந்தது. 1948இல் பிரிட்டிஷ் ராணுவம் அதைப் பொதுச் சீருடையிலிருந்து நீக்கியது. தோட்டாவையோ குண்டுச் சிதறலையோ இது ஒருபோதும் தடுத்ததில்லை, அதற்காகச் செய்யப்படவும் இல்லை.

இனிப் பாதுகாப்பு. ஏன் கழுவக்கூடாது என்பது இப்போது உங்களுக்கே புரிந்திருக்கும். ஓட்டைப் பிடித்துக்கொண்டிருப்பது நீரில் கரையும் மாவுப்பசை. நெட்டி நீரைப் பஞ்சுபோல உறிஞ்சி உப்பும், காயும்போது வேறு வடிவத்தில் நிற்கும். வெளித்துணி சுருங்கினால் தையல் ஓடும் இடத்தில் விளிம்பு அலையலையாகும். அந்தக் காலத்திலும் மழைக்கு மெழுகுத்துணி உறை போட்டார்களே தவிர, நெட்டித் தொப்பியை நனையவிடவில்லை. தூசியை மென்மையான ஓவியத் தூரிகையால் தட்டி விடுங்கள். வாக்யூம் கிளீனர் இருந்தால் குறைந்த வேகத்தில், குழாய் வாயில் வலைத்துணி கட்டி, தூரிகை தட்டும் தூசியை மட்டும் இழுக்க வைக்கலாம். வெள்ளைத் தொப்பியாக இருந்தால் மேலே சுண்ணாம்புபோல ஒரு பூச்சு அடுக்கடுக்காக இருக்கும், சிப்பாய்கள் பூசிய பிளாங்கோ அது. உரிகிறது என்று சுரண்ட வேண்டாம், அதுவும் தொப்பியின் வரலாற்றில் ஒரு பகுதி.

அடுத்த எதிரி பூச்சி. மாவுப்பசை இராமபாணப் பூச்சிக்கும் கரப்பானுக்கும் விருந்து. அந்தக் காலப் பசையில் பூச்சி வராமலிருக்க மயில்துத்தம் கலக்கும் வழக்கம் நம் நாட்டில் உண்டு. சேகரிப்பாளர்கள் பின்னாளில் பூச்சிமருந்துப் பொடி தூவியிருக்கவும் கூடும். வெறுங்கையால் உள்ளே துழாவாதீர்கள், கையுறையும் முகக்கவசமும் அவசியம், குழந்தைகள் தலையில் வைத்துப் படமெடுப்பதைத் தவிர்த்துவிடுங்கள். உயிருள்ள பூச்சி இருக்கிறதா என்று அறிய, வெள்ளைத் தாளின்மேல் தொப்பியை ஒரு வாரம் வைத்துப் பாருங்கள். புதிதாகத் தூளோ மணியான எச்சமோ விழுந்தால் பூச்சி இருக்கிறது. மருந்தடிக்க வேண்டாம். தடித்த பாலிதீன் பையில் போட்டு, காற்றை வெளியேற்றி, வாயை டேப்பால் ஒட்டி, மைனஸ் 18 டிகிரி அல்லது அதைவிடக் குளிரான உறைபெட்டியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பையைத் திறக்காமல் ஒரு முழு நாள் அறையிலேயே விடுங்கள். உடனே திறந்தால் சென்னைக் காற்றின் ஈரம் முழுவதும் குளிர்ந்த தொப்பிமேல் வேர்த்துக்கொள்ளும், நீங்கள் தவிர்க்க நினைத்த நனைவு அங்கே நடந்துவிடும்.

பிளந்த விளிம்புக்கு மரவேலை வெள்ளைப் பசை வேண்டாம். காயும்போது சுருங்கி, பக்கத்தில் உள்ள நல்ல நெட்டியையும் பிய்த்துக்கொண்டு வரும், பிறகு யாராலும் அதைப் பிரிக்க முடியாது. பிளவு அசையாமல் இருந்தால் எதுவும் செய்யாமல் விடுவதே மேல். அசைந்தால் காகிதப் பாதுகாப்பாளர்கள் பயன்படுத்தும் மீதைல் செல்லுலோஸ் பசையை 3 அல்லது 4 சதவீத அளவில் கெட்டியாகக் கலக்கி, மெல்லிய ஜப்பானியத் தாள் கீற்றில் தடவி, அந்தத் தாள் பாதி காய்ந்த பிறகு பிளவின்மேல் வைத்து அழுத்தலாம். மைதாப் பசையில் இருக்கும் புரதம் விறைப்பாகி, பூச்சியையும் அழைக்கும். ஒரே நாளில் முழுப் பிளவையும் மூடாமல் இரண்டு விரற்கடை நீளமாக ஒட்டி, முழுவதும் காய்ந்தபின் அடுத்ததற்குப் போங்கள். உதிர்ந்த துணுக்குகளைக் குப்பையில் போடாமல் ஒரு சிறு உறையில் எடுத்து வையுங்கள்.

வியர்வைப்பட்டையைத் தொட்டால் செம்மண் தூள்போலக் கையில் ஒட்டுகிறதா? அது மரப்பட்டைச் சாற்றில் பதனிட்ட தோலில் காலப்போக்கில் வரும் சிதைவு, எண்ணெய் போட்டால் திரும்பாது. தேங்காய் எண்ணெயும் நல்லெண்ணெயும் போட்டவர்கள் பலர். எண்ணெய் தோலைத் தாண்டி நெட்டிக்குள் இறங்கி, துணியில் நிழல்போலக் கறை படிந்து, சிக்கு வாடை அடிக்கும். ஹைட்ராக்ஸிபுரோபைல் செல்லுலோஸை 2 சதவீதம் ஆல்கஹாலில் கரைத்துத் தூரிகையால் மெல்லத் தடவினால் தூள் உதிர்வது நிற்கும். இதைச் செய்து பழக்கமில்லை என்றால் அருங்காட்சியகப் பாதுகாப்புப் பிரிவில் இருப்பவரிடம் கேட்டுச் செய்வது நல்லது, தோலில் முத்திரை இருந்தால் கட்டாயம் அப்படித்தான். பித்தளைக் கண்ணிகளைச் சுற்றிப் பச்சைக் களிம்பு மெழுகுபோல நின்றால் மூங்கில் குச்சியால் நீக்குங்கள், பித்தளைப் பாலிஷ் போட வேண்டாம், அது துணிக்குள் வெள்ளையாகத் தங்கிவிடும்.

வைக்கும் இடம் பரண் அல்ல. மொட்டைமாடிக்குக் கீழே பகலில் சூடும் இரவில் ஈரமும் ஏறி இறங்குவதுதான் அடுக்குகளைப் பிரிக்கிறது. வீட்டின் நடு அறையில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரி போதும். தொப்பியின் எடை விளிம்பில் நிற்காமல் கூட்டில் நிற்க வேண்டும். கஞ்சி போடாமல் பலமுறை துவைத்த பழைய வேட்டியைப் பந்தாகச் சுருட்டி உள்ளே தாங்கலாக வையுங்கள், இன்னொன்றால் மேலே தளர்வாகப் போர்த்துங்கள். கஞ்சி இருந்தால் மறுபடி இராமபாணம்தான். தாடைவாரைப் பிடித்து ஆணியில் மாட்டாதீர்கள், நாலு மாதத்தில் ஒரு பக்கம் தொங்கிவிடும்.

ஒன்றை மட்டும் அவசரமாகச் செய்யுங்கள். வியர்வைப்பட்டைக்குப் பின்னாலும் உள்துணியிலும் ஊதா நிறத்தில் பெயரோ எண்ணோ எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். அக்காலத்தில் உடைமைகளில் பெயர் எழுதப் பரவலாகப் பயன்பட்டது நகல் பென்சில். அதன் சாயம் அழியாதது என்று பெயர் பெற்றாலும் ஈரம் பட்டால் மையாகக் கரைந்து ஓடிவிடும். ஈரத்துணியால் ஒருமுறை துடைத்தால் போதும், அந்தப் பெயர் ஊதாக் கறையாக மாறிவிடும். உலர்ந்த நிலையிலேயே, பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழும்படி வைத்துப் படமெடுங்கள். முத்திரை, பக்ரியின் இடப்பக்கம், உச்சிக் குமிழின் உட்புறம், பிளவின் வெட்டுமுகம் ஆகிய நான்கையும் அதே வெளிச்சத்தில் எடுத்துப் போட்டால், மேலே ‘பெரும்பாலும்’, ‘இருக்கலாம்’ என்று நான் நிறுத்திய இடங்களில் பாதியையாவது உறுதியாகச் சொல்ல முடியும்.